பழைய மரப்படகின் உடலைச் சீர்செய்தல்: வடிவம் முதலில், கலப்பத்து கடைசியில்

ஒழுகும் பழைய படகு கைக்கு வந்ததும் பலரும் முதலில் செய்வது, பலகைப் பொருத்துகளில் பஞ்சைத் திணித்து மேலே பட்டி பூசுவதுதான். இந்த அடைப்பு வேலைக்குத்தான் கலப்பத்து என்று பெயர். ஒழுகல் சில மாதம் அடங்கும். பிறகு முன்னைவிட மோசமாகத் திரும்பும். பஞ்சு கெட்டதால் மட்டும் ஒழுகும் படகு குறைவு. பெரும்பாலும் பலகையைப் பிடித்திருக்கும் ஆணி அரித்திருக்கும், அந்த ஆணி இறங்கிய வங்கு (விலா எலும்புபோல உள்ளே வளைந்து நிற்கும் சட்டம்) ஒடிந்திருக்கும், வங்கைத் தாங்கும் ஏராவே (படகின் அடியில் நெடுக ஓடும் முதுகெலும்புக் கட்டை) வளைந்திருக்கும். ஆகவே வேலை உள்ளேயிருந்து வெளியே வர வேண்டும். முதலில் வடிவம், அடுத்து ஏராவும் வங்குகளும், பிறகு ஆணிகளும் பலகைகளும். கலப்பத்து எல்லாவற்றுக்கும் பின்னால்தான்.

இங்கே சொல்வது 5 முதல் 12 மீட்டர் நீளமுள்ள படகுகளுக்கு. பலகைகள் விளிம்போடு விளிம்பு முட்டி, வங்குகளில் அறையப்பட்டிருக்க வேண்டும். பலகையின் கனம் 18 முதல் 30 மில்லிமீட்டர். பலகை ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் படகுக்கும், கயிற்றால் தைத்த படகுக்கும் ஆய்வும் தாங்கலும் இதேபோலத்தான். கலப்பத்துப் பகுதி மட்டும் பொருந்தாது.

கருவியைத் தொடுமுன் மரம் எப்படி நடந்துகொள்கிறது என்பது தெளிவாக இருக்க வேண்டும். தண்ணீர் குடித்த பலகை அகலவாக்கில் உப்பும். நீளவாக்கில் அநேகமாக மாறாது. கரையில் காய்ந்த பலகையில் ஈரம் 12 முதல் 15 சதவீதம் இருக்கும். தண்ணீருக்குள் அது 25 முதல் 30 சதவீதம் வரை ஏறும். 150 மில்லிமீட்டர் அகலப் பலகை இந்த வித்தியாசத்திலேயே, மரத்தையும் அறுத்த விதத்தையும் பொறுத்து, 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை அகலும். அந்த உப்பல்தான் பலகைகளை நெருக்கி, பஞ்சைக் கவ்வவைத்து, மொத்த உடலையும் விறைப்பாக்குகிறது. அதற்கு இடம் விட்டுச் செய்த வேலை பல வருடம் நிற்கும். இடம் விடாமல் கல்லாட்டம் அடைத்தால் வங்கு ஒடியும், இல்லையென்றால் ஆணி பிடுங்கும்.

தாங்கல்

படகின் எடை முழுவதும் ஏராவின் மேல் உட்கார வேண்டும். ஏராவின்கீழ் 1 முதல் 1.5 மீட்டருக்கு ஒரு கட்டை வையுங்கள். பக்கவாட்டு முட்டுக்கால்கள் படகு சாயாமல் பிடிப்பதற்கு மட்டுமே. அவற்றின்மேல் எடை ஏறினால் பலகை உள்வாங்கும், அந்த இடத்தில் வங்கு கீறும். முட்டுக்காலின் தலையில் கைவிரித்த அகலத்துக்குப் பலகைத் துண்டு வைத்து, உள்ளே வங்கு இருக்கும் இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். எதிரெதிர்க் கால்களை ஏராவின் அடியாகச் சங்கிலியால் பிணைத்தால் நழுவாது.

பிறகு நூல் பிடித்துப் பாருங்கள். ஏராவின் அடியில் முன்முனையிலிருந்து பின்முனைவரை நூலை இழுத்துக் கட்டி, அரை மீட்டருக்கு ஒருமுறை நூலுக்கும் ஏராவுக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதுங்கள். பழைய படகுகளில் நடுப்பகுதி மேலே எழும்பி, அணியமும் (முன்முனை) அமரமும் (பின்முனை) தொங்கிப்போயிருப்பது சகஜம். இரு முனைகளிலும் தண்ணீர் தாங்கும் சக்தி குறைவு என்பதால் காலப்போக்கில் அவை இறங்கிவிடுகின்றன. இதைச் சரிசெய்ய முனைகளின் கீழே கட்டையை நிலையாக வைத்துவிட்டு, நடுக்கட்டைகளின் ஆப்பை வாரத்துக்குச் சில மில்லிமீட்டராகத் தளர்த்துங்கள். படகின் சொந்த எடையே மெதுவாக அதை இறக்கும். ஜாக்கி வைத்து ஒரே நாளில் நிமிர்த்த முயன்றால் ஏரா நிமிராது, பொருத்துகள்தான் கிழியும். வளைந்த படகில் புதுப் பலகை அறைந்தால் அந்த வளைவு நிரந்தரமாகிவிடும். ஆகையால் இந்த வேலைக்கு எத்தனை மாதம் பிடித்தாலும் காத்திருங்கள்.

எதையும் கழற்றுமுன், மேல்விளிம்பிலிருந்து எதிர்விளிம்புக்குக் குறுக்கே மூன்று நான்கு இடங்களில் கனமான சட்டம் அறைந்து அகலத்தைப் பூட்டுங்கள். நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் உள்ள அகலத்தை அளந்து ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் 10 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால், ஒடிந்த வங்குகள் எந்தப் பக்கம் என்று படகே சொல்லிவிட்டது.

வெயில் நேரடியாகப் படக்கூடாது. மேலே நிழல் கட்டி, பக்கங்களில் காற்றோட்டம் விட்டு, தண்ணீர்க்கோட்டுக்குக் கீழே உள்ள பலகைகளில் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். காய்ந்து வெடித்த பலகையைத் திரும்ப ஒட்டவைக்க வழியே இல்லை.

எங்கே குத்திப் பார்ப்பது

உப்புநீர் மரத்தைக் காக்கும், மழைநீர் மக்கவைக்கும். மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு நன்னீரும் காற்றும் தேவை, 20 சதவீதத்துக்கு மேல் ஈரமும் தேவை. அதனால் எப்போதும் தண்ணீருக்குள் கிடக்கும் பலகை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மேல்தளத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் மூலைகள்தான் போயிருக்கும். மேல்தளமும் பக்கப்பலகையும் சேரும் இடம், படகின் பின்முனையை மூடும் பின்பலகையின் மூலைகள், அணியத்துக் கட்டையின் தலை, தளத்தைத் துளைத்து இறங்கும் ஒவ்வொரு இரும்பின் அடி, வங்குகளின் மேல்முனை என்று வரிசையாகப் பாருங்கள். கீழே வந்தால், குப்பை அடைத்துத் தண்ணீர் தேங்கிய அடிப்பள்ளமும் அங்கே முடியும் வங்குகளின் பாதமும். வங்குகளின் அடியில் தண்ணீர் ஓடுவதற்காக விட்ட துளைகள் பழைய பெயிண்டாலும் அழுக்காலும் அடைத்திருந்தால், அந்த வங்கின் பாதம் போயிருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சின்னச் சுத்தியலால் 100 மில்லிமீட்டருக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், சுத்தியல் கையில் துள்ளும். கெட்ட மரத்தில் 'பொத்' என்று அமுங்கும். சத்தம் மாறிய இடத்தில் மெல்லிய ஊசியுளியை மரத்தின் ரேகைக்கு (நாரோட்டத்துக்கு) குறுக்காக 3 மில்லிமீட்டர் இறக்கி மெதுவாக நெம்புங்கள். நல்ல மரத்தில் நீளமான சிராய் 'டக்'கென்று சத்தத்தோடு எழும். மக்கிய மரத்தில் சத்தமே இல்லாமல், சின்னச் சின்னத் துண்டுகளாக உதிரும். உப்பிய பெயிண்டுக்கு அடியிலும் இதைச் செய்யுங்கள்; பெயிண்ட் பளபளப்பாக இருக்கும் இடம்தான் ஏமாற்றும். சுண்ணாம்பால் வட்டமிட்டு, படகின் படம் ஒன்று வரைந்து அதிலும் குறியுங்கள். கடல்நீரில் இருந்த படகானால் ஊசிமுனை அளவு துளைகளையும் தேடுங்கள். துளைப்புழு வெளியே அவ்வளவு சின்ன வாசல்தான் வைக்கும். உள்ளே பலகை நெடுக விரல் கனத்துக்குச் சுரங்கம் ஓடியிருக்கும். அந்தப் பலகையை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆணிகளை வெளியிலிருந்து பார்த்து முடிவு செய்ய முடியாது. பக்கத்துக்கு ஐந்தாறு இடங்களில், குறிப்பாக ஏராவை ஒட்டிய முதல் பலகையிலும் அணியத்தில் பலகை முடியும் இடத்திலும், ஒன்றிரண்டைக் கழற்றிக் கையில் எடுத்துப் பாருங்கள். பித்தளை ஸ்க்ரூ இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அதிலிருந்த துத்தநாகம் கரைந்து போய்விட்டது; விரலாலேயே ஒடியும். இரும்பு ஆணியைச் சுற்றி மரம் கன்னங்கரேலென்று கருத்து மிருதுவாகியிருந்தால், ஆணியோடு அந்தத் துளையும் பயன்படாது. இடம் தள்ளித்தான் புது ஆணி போக வேண்டும். செம்பும் வெண்கலமும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், ஆனால் தலைக்கும் திருகுக்கும் நடுவே, பலகையும் வங்கும் சேரும் இடத்தில் மெலிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஏராவின் போல்ட்டுகளிலும் இரண்டையாவது வெளியே எடுத்தாக வேண்டும். இரண்டு கட்டைகள் சேரும் இணைப்பில்தான் போல்ட் அரிக்கும். மேலே நட்டும் தலையும் புதிதுபோலவே இருக்கும், நடுவில் பென்சில் கனம்கூட மிஞ்சியிருக்காது.

உலோகத்தை அரிப்பிலிருந்து காக்க வைக்கும் துத்தநாகக் கட்டிகளை அளவுக்கு மீறிப் பொருத்திய படகில் இன்னொரு நோய் வரும். பாதுகாக்கப்படும் உலோகத்தைச் சுற்றிக் காரம் உருவாகி மரத்தை அரிக்கும். போல்ட்டைச் சுற்றி மரம் வெளுத்து, பஞ்சுபோல நார்நாராகப் பிரிந்திருந்தால் காரணம் இதுதான். மர உடலுக்குத் துத்தநாகம் குறைவாகவே தேவை. பல படகுகளில் தேவையே இல்லை.

பழைய பெயிண்டை எடுத்தல்

சூடான காற்று ஊதும் கருவியும் கூர்மையான சுரண்டியும் போதும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்: காய்ந்த நிலையில் உப்புத்தாள் போடாதீர்கள், நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி இல்லாமல் தொடாதீர்கள், பெயிண்ட் புகையும் அளவுக்குச் சூடேற்றாதீர்கள். தண்ணீர்க்கோட்டுக்குக் கீழே உள்ள அடிப்பெயிண்டைத் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்தே சுரண்டுங்கள். மணல் வீசிச் சுத்தம் செய்வது மரத்தின் மிருதுவான ரேகைகளைக் குடைந்துவிடும். சுழலும் அரைப்பு வட்டு பலகையில் குழிகுழியாக விழும். கீழே விரித்த தார்ப்பாயில் விழுந்த அத்தனையையும் மூட்டை கட்டித் தனியாக அப்புறப்படுத்துங்கள்.

ஏராவும் நீர்த்தடுப்பு முளையும்

ஏராவுக்கும் அணியத்துக் கட்டைக்கும் இடையிலுள்ள இணைப்பின் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறுவதுண்டு. எவ்வளவு கலப்பத்து அடித்தாலும் இந்த ஒழுகல் நிற்காது, ஏனென்றால் தண்ணீர் பொருத்தின் வழியாக வரவில்லை, கட்டைகளுக்கு நடுவே வருகிறது. இதற்காகவே பழைய கட்டுமானத்தில், பலகை உட்காரும் காடியும் கட்டை இணைப்பும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில், குறுக்கே துளை போட்டு மென்மரத்தில் ஒரு முளை அடித்திருப்பார்கள். நன்றாக உலர்ந்த, வழுவழுவென்று ரேகை ஓடும் மென்மரம். 10 முதல் 15 மில்லிமீட்டர் விட்டம். தண்ணீர் பட்டதும் அது உப்பி வழியை அடைக்கும். பழையது மக்கியிருந்தால் துளையை ஒரு அளவு பெரிதாக்கிப் புதியதை அடியுங்கள். துளையின் மையம் இணைப்புக் கோட்டின்மேல் இருக்க வேண்டும், இடம் காடிக்குள் கலப்பத்து நிற்கும் ஆழத்தில் இருக்க வேண்டும். முளைக்குப் பசையோ பெயிண்டோ வேண்டாம். அது தண்ணீர் குடித்தால்தான் வேலை நடக்கும்.

வங்குகள்

வங்கு ஒடிவது பெரும்பாலும் படகின் வயிறு வளையும் இடத்தில். உள்ளே கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் விரிசல் நிழலாகத் தெரியும். வரிசையாக நான்கைந்து வங்குகள் ஒரே உயரத்தில் ஒடிந்திருந்தால், அங்கே ஏற்கெனவே யாரோ பஞ்சை மிதமிஞ்சி அடித்திருக்கிறார்கள், அல்லது முட்டுக்கால் அங்கே எடை தாங்கியிருக்கிறது.

முழு வங்கையும் மாற்றுவதே நல்லது. அது முடியாத இடத்தில் பழைய வங்கின் பக்கத்தில் துணை வங்கு வைக்கலாம். ஒடிந்த இடத்திலிருந்து இருபுறமும் மூன்று நான்கு பலகைகளையாவது தாண்டி அது நீள வேண்டும். எல்லாத் துணை வங்குகளும் ஒரே பலகையில் முடியக் கூடாது. முடிந்தால் அந்தக் கோட்டில்தான் அடுத்த ஒடிவு வரும். ஒன்றை நீட்டி, அடுத்ததைக் குறைத்து முடியுங்கள். ஒரே நேரத்தில் அடுத்தடுத்த வங்குகளைக் கழற்றாதீர்கள். ஒன்று விட்டு ஒன்றாக மாற்றிவிட்டுத் திரும்ப வாருங்கள்.

நீராவியில் வளைக்க மரம் இயற்கையாக உலர்ந்ததாக, 20 முதல் 25 சதவீத ஈரத்தோடு இருக்க வேண்டும். சூளையில் உலர்த்திய மரம் வளையாது, ஒடியும். கணு கூடவே கூடாது. ரேகை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓட வேண்டும். நடுவில் பக்கம் வழுவி வெளியேறினால் அங்கேயே உரியும். மரத்தின் ஆண்டு வளையங்கள் படகின் பலகைக்கு இணையாகப் படுக்கும்படி அறுத்தால் வளைப்பது எளிது, ஸ்க்ரூவும் பிளக்காது.

நீராவிப் பெட்டிக்குச் சாதாரணப் பலகையே போதும், உள்ளளவு 150 மில்லிமீட்டர் சதுரம். ஒரு முனையில் கொதிகலனின் குழாய், மறுமுனையில் துணி தொங்கவிட்ட வாய். இறுக்கி மூடவே கூடாது, ஆவி வெளியேற வழி இருந்தே ஆக வேண்டும். அடைத்தால் கொதிகலன் வெடிக்கும். 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கு நன்றாகப் பொருந்தும். மிகக் குறைவாக வேகவைத்தால் ஒடியும். நேரம் மிகக் கூடினால் மரம் சத்திழந்து நொறுங்கும்.

பெட்டியிலிருந்து எடுத்த வங்கு கையில் தளதளவென்று ஆடும். அந்தத் தன்மை அரை நிமிடம்கூட நிற்காது. ஆகவே கிளாம்புகள் திறந்தபடி இடத்தில் தொங்க வேண்டும், துளைகள் முன்னமே போட்டிருக்க வேண்டும், கனமான கையுறையோடு இரண்டு பேர் உள்ளே, ஒருவர் வெளியே. பாதத்தை ஏராவின் ஓரத்தில் பதித்து, காலால் மிதித்து, வயிற்று வளைவுக்குள் உடலின் எடையோடு அழுத்திக்கொண்டே மேலே போங்கள். கிளாம்பைக் கீழிருந்து மேலாகப் பூட்டுங்கள். மேலே எட்டியதும் வங்கின் தலையில் கொட்டாப்புளியால் (மரச்சுத்தியலால்) ஓங்கி ஒரு அடி அடித்தால் அது பலகையோடு படிந்து உட்காரும். வெளிவளைவில் சிராய் எழுந்தால் தயங்காமல் அதை வீசிவிட்டு அடுத்ததை எடுங்கள். ஆகவே தேவைக்கு மேல் நாலில் ஒரு பங்கு வங்குகள் அதிகமாக அறுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

நீராவி வசதி இல்லாதவர்கள் 3 முதல் 5 மில்லிமீட்டர் கனப் பட்டைகளை எபாக்சியில் அடுக்கி, படகின் வளைவிலேயே ஒட்டலாம். வலுவில் குறையாது, நேரம்தான் இழுக்கும். இதற்கு மட்டும் நன்றாக உலர்ந்த மரம் வேண்டும்.

பலகை மாற்றுதல்

அடுத்தடுத்து இரண்டு பலகைகளுக்கு மேல் ஒரே சமயத்தில் திறக்காதீர்கள். ஒரு பக்கம் ஒன்றைக் கழற்றினால், எதிர்ப்பக்கம் அதே வரிசை மூடியிருக்கும்படி மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பழைய பலகை முழுசாக வந்தால் அதுவே அச்சு. ஸ்க்ரூ வராவிட்டால் அதன் தலையை மூடிய மர அடைப்பைக் குடைந்து எடுத்து, தலைப்பிளவைச் சுத்தம் செய்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பை ஒரு நிமிடம் தலையில் வைத்துப் பிறகு திருப்புங்கள். வெட்டி எறியப்போகும் பலகையானால் ஆணிகளுக்கு நடுவே நெடுக உளியால் பிளந்துவிட்டால் துண்டுதுண்டாக வரும். பக்கத்துப் பலகையின் விளிம்பில் கடப்பாரையை ஊன்றி நெம்பாதீர்கள்; அந்த விளிம்பு நசுங்கினால் அங்கே பஞ்சு நிற்காது.

புதுப் பலகையின் வடிவத்தைக் கண்ணால் கணிக்க முடியாது. இடைவெளியைவிட 20 மில்லிமீட்டர் குறுகலான, 3 அல்லது 4 மில்லிமீட்டர் பிளைவுட் பட்டையை வங்குகளின்மேல் தன் போக்கில் படியவிட்டுத் தட்டிவையுங்கள், விளிம்புவாக்கில் வளைக்காதீர்கள். கவராயத்தை 40 மில்லிமீட்டருக்குத் திறந்து பூட்டிவிட்டு, ஒவ்வொரு வங்கின் இடத்திலும் பக்கத்துப் பலகையின் விளிம்பில் முள்ளை வைத்துப் பட்டையில் வில் போடுங்கள்.  பட்டையைப் புதுப் பலகைமேல் வைத்து, ஒவ்வொரு வில்லின்மேலும் இரண்டு இடங்களில் முள்ளை வைத்து அதே திறப்பில் திரும்ப வில் போட்டால், அவை வெட்டும் இடங்களில் விளிம்பின் புள்ளிகள் கிடைக்கும். அவற்றின்மேல் மெல்லிய ரீப்பரை வளைத்துக் கோடு இழுங்கள். கவராயத்தின் திறப்பு நடுவில் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் பலகை வீண். திறப்பின் அளவைப் பட்டையிலேயே எழுதிவைப்பது அதற்காகத்தான்.

மரம் பழைய பலகையின் இனமாகவே இருந்தால் நல்லது. கிடைக்காவிட்டால் அடர்த்தியிலும் உப்பும் அளவிலும் நெருங்கிய ஒன்று. வைரம் பாய்ந்த பகுதி மட்டும். வெண்மரம் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் சீவித் தள்ளுங்கள். ஈரம் 14 முதல் 16 சதவீதம். 8 சதவீதத்துக்கு உலர்ந்த பலகையை அறைந்தால் தண்ணீரில் அது பக்கத்துப் பலகைகளையே நெட்டித் தள்ளும்.

வயிற்று வளைவில் பலகையின் முதுகை (வங்கில் படியும் உட்பக்கத்தை) வங்கின் வளைவுக்கேற்ப உள்குழிவாக இழைக்க வேண்டும். வெளிப்புறமும் பிறகு உருட்டப்படும். ஆகவே முடிவில் 20 மில்லிமீட்டர் வேண்டுமானால் 25 மில்லிமீட்டரில் தொடங்குங்கள். முதுகு படியாமல் நடுவில் தொங்கினால் ஸ்க்ரூவை இறுக்கும்போது பலகை நெடுக வெடிக்கும். விளிம்பு விஷயத்தில் உட்பக்கம் கனத்தில் பாதியளவு மரத்தோடு மரம் ஒட்ட வேண்டும்; வெளிப்பக்கம் ஆப்பு வடிவில் விரிந்து 2 முதல் 3 மில்லிமீட்டர் திறக்க வேண்டும். உள்விளிம்பு ஒட்டாவிட்டால் அடிக்கும் பஞ்சு நேரே உள்ளே போய் விழும்.

நீளம் போதாதபோது சாய்வு இணைப்பு சிறந்தது: கனத்தைப்போல 8 மடங்கு நீளம் குறைந்தபட்சம், எபாக்சி வைத்து ஒட்டினால் 12 மடங்கு. முனையோடு முனை முட்டும் முட்டு இணைப்பு வைத்தால் அது இரண்டு வங்குகளுக்கு நடுவில் விழ வேண்டும். உள்ளே பலகையின் கனத்துக்குக் குறையாத பின்கட்டை, மேலும் கீழும் பக்கத்துப் பலகைகளின்மேல் சற்றே ஏறும்படி. பின்கட்டையின் மேல்முனையைச் சாய்த்துச் சீவுங்கள், தண்ணீர் தங்காது. அடுத்தடுத்த வரிசைகளில் முட்டுகள் மூன்று வங்கு இடைவெளியாவது தள்ளியிருக்க வேண்டும்.

மக்கிய மரத்தைக் கெட்டியாக்கும் திரவப் பசைகளைப் பற்றி: தாங்கும் பலகையிலோ வங்கிலோ அவற்றை நம்பாதீர்கள். மேற்பரப்பு கெட்டியாகும், ஆணி பிடிக்கும் வலு திரும்பாது.

ஆணி, ஸ்க்ரூ, ரிவெட்

படகில் ஏற்கெனவே எந்த உலோகமோ அதுவே. செம்பும் இரும்பும் ஈரமரத்தில் அருகருகே இருந்தால் இரும்பு கரையும். துருப்பிடிக்காத எஃகு தண்ணீர்க்கோட்டுக்கு மேலே சரி. கீழே, காற்றுப்படாத ஈரமரத்துக்குள் அது குழிகுழியாக அரிக்கும். இரும்பு ஆணி இல்லாத படகுக்கு வெண்கல ஸ்க்ரூவே சிறந்தது. 20 மில்லிமீட்டர் பலகைக்கு 6 மில்லிமீட்டர் ஆழம் அடைப்புக் குழி எடுத்து, 40 மில்லிமீட்டர் ஸ்க்ரூ போடுங்கள். முன்துளை அளவாக இருக்கட்டும். ஸ்க்ரூவுக்கு மெழுகு தடவலாம். சோப்பு ஈரத்தை இழுக்கும், வேண்டாம். மர அடைப்பின் ரேகை பலகையின் ரேகையோடு ஓட வேண்டும்; வார்னிஷில் தோய்த்துத் தட்டினால் போதும். எபாக்சியில் ஒட்டினால் அடுத்து கழற்ற வருபவர் பலகையையே சிதைக்க வேண்டியிருக்கும்.

செப்பு ரிவெட்டில் ஆணியின் முனையை வாஷரிலிருந்து 2 மில்லிமீட்டர் விட்டு வெட்டி, வெளியே தலையில் கனமான இரும்பை அழுத்திப் பிடிக்க, உள்ளே உருண்டைத் தலைச் சுத்தியலால் சின்னச் சின்ன அடிகளாக விரிக்க வேண்டும். ஓங்கி அடித்தால் ஆணி மரத்துக்குள்ளேயே நெளியும். அன்று இறுக்கமாகத் தெரியும். படகு அசையத் தொடங்கியதும் நெளிவு நிமிர்ந்து தளரும்.

கலப்பத்து

பழைய பஞ்சை எடுக்க, பழைய அரத்தின் வாலை வளைத்துப் பொருத்தின் வடிவத்துக்கே தேய்த்த கொக்கி போதும். மின்ரம்பம் ஒரு நொடி வழுவினால் பலகையின் விளிம்பு போயிற்று. கொக்கியை இழுங்கள், தோண்டாதீர்கள். உள்விளிம்பின் ஒட்டை உடைத்துவிட்டால் பிறகு பஞ்சு நிற்க இடமில்லை. சுத்தமான பொருத்துக்குள் மெல்லிய தூரிகையால் ஈயச்செந்தூரப் பெயிண்டோ அதற்கு ஈடான முதற்பூச்சோ தடவுங்கள். காய்ந்த மரம் பட்டியிலிருந்து எண்ணெயை உறிஞ்சாமல் அது தடுக்கும். 6 மில்லிமீட்டருக்கு மேல் விரிந்த பொருத்தில் பஞ்சை மேலும் மேலும் திணிக்க வேண்டாம். மென்மரப் பட்டை ஒன்றை ஒரு விளிம்பில் மட்டும் ஒட்டி அகலத்தைக் குறைத்துவிட்டு, அதன் பக்கத்தில் கலப்பத்து அடியுங்கள்.

இந்த அளவுப் பலகைக்குப் பருத்திதான். தார் தோய்த்த சணல் கனமான பலகைகளுக்கு. பஞ்சு இழையைப் பிரித்து விரல்களுக்கு நடுவே முறுக்கிப் பாருங்கள்: முறுக்கிய இழை பொருத்தின் வாயைவிடச் சற்றே தடித்திருந்தால் அளவு சரி. இழையைப் பொருத்தின்மேல் நேராக நீட்டி அடித்தால் அகலம் மாறும் இடத்தில் தளர்ந்துவிடும். கலப்பத்து உளியின் முனையால் 30 மில்லிமீட்டர் முன்னால் இழையைத் தொட்டு, சின்ன மடிப்பாக உள்ளே தள்ளுங்கள். அதற்குப் பக்கத்தில் அடுத்த மடிப்பு. பொருத்து அகலும் இடத்தில் மடிப்புகளை நெருக்குங்கள், குறுகும் இடத்தில் தளர்த்துங்கள். அரை மீட்டர் மடித்துச் சொருகியதும் திரும்பிவந்து கொட்டாப்புளியால் இறக்குங்கள். சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அடிக்க வேண்டும். தளர்ந்த பஞ்சு மொத்தென்று ஒலிக்கும். இறுகியதும் ஒலி கூர்மையாகும், உளி கையில் சற்றே துள்ளும். அங்கே நிறுத்துங்கள். 20 மில்லிமீட்டர் பலகையில் பஞ்சின் முகம் மேற்பரப்பிலிருந்து 5 அல்லது 6 மில்லிமீட்டர் உள்ளே நிற்க வேண்டும்.

பஞ்சு குறைவாக இருந்தால் தெரிந்துவிடும், திரும்ப அடிக்கலாம். அதிகமாக அடித்தது தண்ணீரில் உப்பிய பிறகுதான் தெரியும், அதற்குள் வங்கு போயிருக்கும். அடிக்கும்போதே மூன்று அறிகுறிகளைக் கவனியுங்கள்: பக்கத்துப் பொருத்தில் ஏற்கெனவே அடித்த பஞ்சு தளர்கிறது, மர அடைப்புகள் மேற்பரப்பிலிருந்து எழும்புகின்றன, உள்ளே நிற்பவருக்குப் பஞ்சு நூலிழை தெரிகிறது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த நீளத்தைப் பிடுங்கிவிட்டு மெல்லிய இழையோடு தொடங்குங்கள். எல்லாப் பொருத்துகளையும் முதலில் மிதமாக அடித்து, இரண்டாம் சுற்றில் இறுக்குவது நல்ல பழக்கம். ஒரு பொருத்தை முழுதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் முதல் பொருத்து தளரும். இரு பக்கமும் சமமாக முன்னேறுங்கள். ஏராவை ஒட்டிய பொருத்தில் கை இன்னும் மென்மையாக இருக்கட்டும். அங்கே ஓங்கி அடித்தால் முதல் பலகை ஏராவை விட்டு விலகும்.

இழை முடியும் இடத்தில் 40 மில்லிமீட்டர் மேலேறவிட்டுப் புது இழையைத் தொடங்குங்கள். முட்டு இணைப்பின் பஞ்சு மேலும் கீழும் உள்ள நெடும்பொருத்துக்குள் வாலை விட்டு முடிய வேண்டும். பஞ்சின்மேல் அதே பெயிண்டை ஒருமுறை தடவுங்கள். பஞ்சு அழுகாது, இடம் விட்டும் நகராது. மறுநாள் பட்டி. தண்ணீர்க்கோட்டுக்குக் கீழே எப்போதும் மிருதுவாகவே இருக்கும் எண்ணெய்ப்பட்டி, மேற்பரப்பைவிட ஒரு மில்லிமீட்டர் குழிவாக வழித்துவிடுங்கள், உப்பும்போது வெளித்தள்ள இடம் வேண்டும். மேலே உள்ள பொருத்துகளில் சமமாக. எபாக்சிப் பட்டியைப் பொருத்தில் வைப்பதும், பழைய உடல்மேல் கண்ணாடி இழையைப் போர்த்துவதும் ஒரே தவறின் இரண்டு வடிவங்கள். பலகை அசையும், அது அசையாது. விரிசல் வழியே நுழைந்த ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே மரத்தைத் தின்னும்.

பூச்சு

வெளிப்புறம் முதற்பூச்சு, தண்ணீர்க்கோட்டுக்குக் கீழே அடிப்பெயிண்ட் இரண்டு கை, அதற்கு மேலே விருப்பமான பெயிண்ட். இதில் கவனிக்க அதிகமில்லை. உள்ளே அடிப்பள்ளத்தில் கனமான, மூச்சுவிடாத பூச்சு வேண்டாம், ஆளிவிதை எண்ணெய் போதும். எண்ணெய்த் துணிகளைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள் அல்லது தண்ணீரில் அமிழ்த்துங்கள். தண்ணீர் படாத மூலைகளுக்குப் போராக்ஸ் கரைசல் பூஞ்சையைத் தடுக்கும். தொடர்ந்து நனையும் இடத்தில் அது கரைந்து போய்விடும்.

தண்ணீரில் இறக்குதல்

இறக்குவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஈரச்சாக்குகளைப் பலகைகள்மேல் சுற்றி, காலையும் மாலையும் நனையுங்கள். படகுக்குள் தண்ணீர் நிரப்பி ஊறவைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கரையில் நிற்கும் படகின் பலகைகள் வெளியிலிருந்து வரும் அழுத்தத்துக்குக் கட்டப்பட்டவை; உள்ளிருந்து டன் கணக்கில் தள்ளினால் ஆணிகள் இழுபடும்.

முதல் இரண்டு மூன்று நாட்கள் படகை அதைத் தூக்கும் வார்களிலேயே தொங்கவிடுங்கள், அல்லது ஆழம் குறைந்த இடத்தில் நிறுத்துங்கள். இரண்டு பம்புகள், தனித்தனி மின்னிணைப்பு, இரவிலும் ஒருவர் காவல். முதல் சில மணி நேரம் பல இடங்களில் ஒழுகும், அது இயல்பு. அடம்பிடிக்கும் பொருத்தின்கீழ் தண்ணீருக்குள் நுண்ணிய மரத்தூளை விட்டால், உள்ளே போகும் நீரோடு அது இழுபட்டுப் பொருத்தில் சிக்கி உப்பும். பம்ப் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை ஓடுகிறது என்று எழுதிக்கொண்டே வாருங்கள். எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தால் பொறுத்திருங்கள். மூன்று நாளாகியும் இறங்கவில்லை என்றால், அல்லது ஒரே இடத்தில் ஊற்றுப்போல வந்தால், தூக்குங்கள். பெரும்பாலும் பின்பலகையின் மூலையிலோ, ஏராவின் இணைப்பிலோ, விட்டுப்போன ஒரு ஆணித்துளையிலோ காரணம் இருக்கும்.

அடுத்த முறை கரையேற்றும்போது பொருத்துகளிலிருந்து பட்டி ஒரு வரம்பாகப் பிதுங்கி நிற்கும். கூர்மையான சுரண்டியால் அதை மட்டும் சமமாகச் சீவி எடுங்கள். காய்ந்து உள்வாங்கிய இடங்களில் புதுப்பட்டி வைத்து நிரப்பாதீர்கள். இரண்டு வாரத்தில் திரும்பத் தண்ணீருக்குப் போகும் படகுக்கு அந்த இடைவெளி தேவை.